வரைய வராது என்று ஸ்டோரிபோர்டு போடாமல் போனேன்: மூன்று குறும்படங்களில் நான் பட்டதும் கற்றதும்

முதல் படத்துக்கு நான் ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் திரையில் எப்படித் தெரியும் என்று கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் தாள், போடவில்லை. காரணம் எளிது, எனக்கு வரைய வராது. 14 நிமிடக் குறும்படம், என்னையும் சேர்த்து 7 பேர், 4 நாள் ஷூட்டிங். கதையை ஆறு மாதம் எழுதித் திருத்தியிருந்தேன், வசனம் எல்லாம் மனப்பாடம். ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேமராமேன், "ஸ்டோரிபோர்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "எனக்கு வரைய வராதுங்க. ஆனா ஷாட் எல்லாம் மனசுல தெளிவா இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். கடைசியில் இரண்டு நாள் கூடுதலாக ஷூட்டிங் வைக்க வேண்டியதாயிற்று. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு மேலே போனது. ஐந்து மாதம் படம் அப்படியே கிடந்தது. அன்றைக்கு யாராவது என்னை உட்காரவைத்து, "வரைவது வேறு, ஸ்டோரிபோர்டு வேறு" என்று பத்து நிமிடம் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரச்சினை ஒரே ஒரு காட்சியில்தான். அண்ணனும் தங்கையும் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சின் நடுவே அண்ணன் வீட்டுச் சாவியை மேசைமேல் தள்ளுகிறான். தங்கை அதைப் பார்க்காமலேயே உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். கிளம்பும்போது ஒரு செய்தித்தாளுக்கு அடியில் அதை வைத்துவிட்டுப் போகிறாள். கடைசிக் காட்சியில் அந்தச் சாவி கிடைக்கிறது, படமே அதில்தான் நிற்கிறது. என் மனதில் அந்தச் சாவி மேசையில் உரசிக்கொண்டு போகும் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அதை எந்த ஷாட்டில் காட்டப்போகிறேன், கேமரா எங்கே நிற்கும், அந்த நேரத்தில் தங்கையின் முகம் தெரிய வேண்டுமா கை தெரிய வேண்டுமா என்று ஒருமுறைகூட நான் முடிவு செய்திருக்கவில்லை. மனதில் இருந்தது காட்சியின் உணர்வு மட்டும். அதை ஷாட் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். வரைய முடியாதவர்களில் பலர் விழுவது இந்த இடத்தில்தான். கண்ணை மூடினால் படம் ஓடுவது போலத் தோன்றும். ஒரு கட்டம் போட்டு அதற்குள் தலை எங்கே, கை எங்கே என்று குறிக்கச் சொன்னால் அப்போதுதான் ஒன்றுமே முடிவாகவில்லை என்பது தெரியும்.

இரண்டாம் நாள் காலை அந்தக் காட்சியை ஆரம்பித்தோம். முழுக் காட்சியையும் ஒரே கோணத்தில் காட்டும் மாஸ்டர் ஷாட் எடுத்தோம், தங்கையின் க்ளோசப் எடுத்தோம். அதற்குள் வெயில் நகர்ந்து ஜன்னல் வெளிச்சம் நேராக லென்ஸில் அடித்தது. கேமராவைத் தூக்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வைத்தோம். அண்ணனின் க்ளோசப் அங்கிருந்துதான் எடுத்தோம். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் மற்ற ஆறு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அடுத்து என்ன ஷாட்?" அந்தக் கேள்விக்கு நான் நின்று யோசித்த நேரத்தையெல்லாம் கூட்டினால் அந்த நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் வரும். பதற்றத்தில், தேவையில்லாத கோணங்களையும் பாதுகாப்புக்காக எடுத்துத் தள்ளினேன். சாயங்காலம் இருட்டத் தொடங்கியபோது, சாவி மாஸ்டர் ஷாட்டிலேயே வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் காட்சியை முடித்தேன்.

எடிட்டிங்கில்தான் உண்மை வெளிவந்தது. மாஸ்டரில் சாவி தள்ளப்படும் அந்த இரண்டு நொடி, மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் நடந்திருந்தது. நான்கு டேக்கிலும் அப்படித்தான். அண்ணனின் கை பாட்டிலுக்குப் பின்னால் போகிறது, வெறுங்கையாகத் திரும்புகிறது. என்ன கொடுத்தான் என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. எடிட்டர், "சாவி இன்செர்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்று சாவியை மட்டும் நெருக்கமாகக் காட்டும் ஷாட்டைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் அவர் இரண்டு க்ளோசப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். தங்கை ஃப்ரேமின் வலது பக்கம் பார்த்துப் பேசுகிறாள். அண்ணனும் வலது பக்கமே பார்த்துப் பதில் சொல்கிறான். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போலவே இல்லை, இரண்டு பேரும் மூன்றாவது ஆள் யாரையோ பார்த்துப் பேசுவது போல இருந்தது. வெளிச்சத்துக்காகக் கேமராவை மாற்றியபோது இமாஜினரி லைனைத் தாண்டியிருக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்க்கும் இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். எனக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் அவசரத்தில், அறைக்குள் நின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அண்ணனின் ஷாட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பார்க்கும் திசை சரியானது, ஆனால் சுவர்க் காலண்டரில் எண்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிவிட்டன. சட்டைப் பையும் வலது பக்கம் போய்விட்டது.

திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் அண்ணனாக நடித்தவர் வேறொரு வேலைக்காக முடியை ஒட்ட வெட்டி, தாடியை எடுத்திருந்தார். முடி வளரும் வரை காத்திருந்தோம். அந்த ஐந்து மாதமும் தங்கையாக நடித்தவரிடம், "எப்போ வச்சுக்கலாம்?" என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. நண்பர்களாகச் சம்பளம் வாங்காமல் வந்தவர்களை மறுபடி இரண்டு நாள் கூப்பிடுவது பணத்தைவிடக் கஷ்டமான விஷயம். அவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் அடுத்த படத்துக்கு இரண்டு பேர் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோரிபோர்டு என்றாலே நமக்கு அழகான ஓவியங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் இந்த முறை வளர்ந்ததே வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் ஸ்டுடியோவில், வரைவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மத்தியில். வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1955ல் வெளிவந்த தன் முதல் படத்துக்கு முழுத் திரைக்கதைக்குப் பதிலாகக் கோட்டோவியங்களும் குறிப்புகளும்தான் வைத்திருந்தார் என்பார்கள். அவர் அதற்கு முன் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா ஓவியம் கற்றவர், தன் பிற்காலப் படங்களுக்கு வண்ண ஓவியங்களே தீட்டினார். இவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, இது வரையத் தெரிந்த கை இருப்பவர்களுக்கான வேலை என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அவர்கள் ஓவியர்கள் என்பதால் ஓவியத்தில் யோசித்தார்கள், அவ்வளவுதான். யோசித்தாக வேண்டிய விஷயங்கள் எனக்கும் அவர்களுக்கும் ஒன்றே. அதைத்தான் நான் பார்க்கத் தவறினேன்.

பட்ட சூட்டில் இரண்டாவது படத்துக்கு எதிர்த்திசையில் போனேன். ஓர் ஓவியரை வைத்து, காசு கொடுத்து, 10 நிமிடப் படத்துக்கு 140 கட்டம் வரைய வைத்தேன். மூன்று வாரம் ஆனது. ஒவ்வொன்றும் பிரேம் போட்டு மாட்டலாம் போல இருந்தது. லொகேஷனுக்குப் போன முதல் நாளே பாதி பயன்படாது என்று தெரிந்துவிட்டது. அவர் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. நானும் படங்களைப் பார்த்த மயக்கத்தில் அதைக் கேட்கவில்லை. ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேர் மேசைக்கு இரு பக்கமும், நடுவே ஜன்னல் என்று அவ்வளவு அழகாக வரைந்திருந்தார். எங்களிடம் இருந்தது 50 எம்எம் லென்ஸ். அறையின் அகலமோ 10 அடிதான். அந்த ஃப்ரேம் வேண்டுமென்றால் கேமராவைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு ஏமாற்றமே வந்ததில்லை. கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் எம்எம் எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் எத்தனை அடி அகலம் வரும் என்பது கிடைக்கும். ஏபிஎஸ்-சி என்ற சின்ன வகை சென்சாருக்கு அகலம் சுமார் 23.5 எம்எம், ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய வகைக்கு 36 எம்எம். எங்கள் அறையில் ட்ரைபாடும் ஆளும் நிற்க இடம் விட்டால் மேசைக்கும் லென்ஸுக்கும் நடுவே 7 அடிதான் கிடைக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் போட்டால் அந்தத் தூரத்தில் 3.3 அடி அகலம் மட்டுமே வரும், இரண்டு பேர் அடங்கமாட்டார்கள். 24 எம்எம் போட்டால் ஏறக்குறைய 7 அடி வரும், இரண்டு பேரும் மேசையும் வசதியாக உள்ளே வந்துவிடும். லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒரு அளவு நாடாவைக் கையில் கொண்டுபோங்கள். அந்த அறையின் அளவு எழுதியிராத ஸ்டோரிபோர்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும், படம் எடுக்க உதவாது. இப்போது கணினியிடம் சொல்லி உருவாக்கும் படங்களிலும் இதே சிக்கல்தான். யாருடைய அறையோ, எந்த லென்ஸோ, ஒரு கட்டத்தில் இடது பக்கம் பார்த்தவர் அடுத்த கட்டத்தில் வலது பக்கம் பார்ப்பார். படத்தின் மனநிலையை மற்றவர்களுக்குக் காட்ட அவை போதும். கேமராவை எங்கே வைப்பது என்பதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

மூன்றாவது படத்தில்தான் எனக்கு ஒத்துவரும் வழி கிடைத்தது. வரைபடம் என்று பார்த்தால் குச்சி மனிதர்கள்தான். முதலில் காட்சிக்குக் காட்சி ஷாட் டிவிஷன், அதாவது எந்தெந்த ஷாட் என்ற பட்டியல், எழுதினேன். அப்புறம் அறையை மேலேயிருந்து பார்ப்பது போல ஒரு தாளில் போட்டேன்: நான்கு சுவர், கதவு, ஜன்னல், மேசை. ஆட்களுக்கு வட்டம், மூக்கு இருக்கும் பக்கம் ஒரு சின்னக் கோடு. கேமராவுக்கு முக்கோணம், அதற்குள் ஷாட் எண். இரண்டு வட்டத்தையும் இணைத்துச் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு இழுத்தேன், முக்கோணங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஜன்னல் எந்தத் திசை, வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பதையும் ஓரத்தில் குறித்தேன். முதல் படத்தில் என்னை ஐந்து மாதம் காக்கவைத்த தவறு இந்தத் தாளில் பத்து நொடியில் தெரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கட்டங்களை விட்டுவிட்டு இந்த மேல்பார்வைப் படத்தைப் போடுங்கள் என்பேன். இதற்கு ஓவியத் திறமை துளியும் வேண்டாம்.

கட்டங்கள் வரையும்போது மூன்று கேள்விக்கு மட்டும் பதில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். தலை எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது. தலை கட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டால் க்ளோசப், முழு ஆளும் தெரிந்தால் வைடு. ஆள் நகர்ந்தால் கட்டத்துக்குள் அம்புக்குறி, கேமரா நகர்ந்தால் கட்டத்துக்கு வெளியே அம்புக்குறி. கட்டம் மட்டும் 16:9 விகிதத்தில் இருக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. சதுரக் கட்டத்தில் யோசித்தால் பக்கவாட்டில் எவ்வளவு வெற்றிடம் விழும் என்பது தெரியாது. 'முன்னால் என்ன இருக்கிறது' என்ற கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தத் தண்ணீர் பாட்டில் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

குச்சிப் படமும் வராது என்பவர்களுக்கு போன் இருக்கிறது. லொகேஷனுக்கு இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், நடிகர்களின் இடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு முக்கோணத்தில் நின்றும் ஒரு போட்டோ எடுத்தேன். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பெரும்பாலான போன்களின் மெயின் கேமரா ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 28 எம்எம் வரை இருக்கும், அதாவது நல்ல வைடு. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் காட்டுவது ஏறக்குறைய 75 எம்எம்முக்குச் சமம். அதனால் போனில் 3 மடங்கு ஜூம் செய்து எடுத்தால்தான் உண்மையான ஃப்ரேம் தெரியும். கேமராவையும் லென்ஸையும் சொன்னால் அந்த ஃப்ரேமையே காட்டும் ஆர்டெமிஸ் போன்ற செயலிகளும், முப்பரிமாணப் பொம்மைகளை நிறுத்திக் கட்டம் உருவாக்கித் தரும் ஸ்டோரிபோர்டர் என்ற இலவச மென்பொருளும் இருக்கின்றன. எனக்கு போனும் தாளும் போதுமானதாக இருந்தது. அந்தப் போட்டோக்களை எடிட்டிங் டைம்லைனில் வரிசையாகப் போட்டு, வசனத்தை நானே படித்துப் பதிவு செய்து, ஓடவிட்டுப் பார்த்தேன். மிகவும் அவசியம் என்று நான் நினைத்திருந்த இரண்டு ஷாட் அங்கேயே விழுந்துவிட்டன. அந்த இரண்டையும் எடுத்திருந்தால் லைட்டிங் மாற்றத்தோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் போயிருக்கும்.

எல்லாக் காட்சிக்கும் இப்படிச் செய்தேனா என்றால், இல்லை. 11 காட்சியில் 6க்கு மட்டும்தான், இரண்டு சாயங்காலம் ஆனது. ஏதாவது ஒரு பொருள் கை மாறும் காட்சி, மூன்று பேருக்கு மேல் பேசும் காட்சி, ஓட்டம் அடிதடி விபத்து போன்றவை, வெவ்வேறு நாளில் எடுத்து ஒட்ட வேண்டிய காட்சி, இவற்றுக்குக் கட்டம் கட்டாயம். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் சாதாரணக் காட்சிக்கு மேல்பார்வைப் படமும் ஷாட் பட்டியலும் போதும். நடிகர்கள் தாங்களாகவே பேசி நகர்ந்து கண்டுபிடிக்க வேண்டிய காட்சி, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடரும் காட்சி, ஆவணப்படம், இவற்றுக்கெல்லாம் கட்டம் வரைவது வீண். சில நேரம் கெடுதலும்கூட. வரைந்துவிட்டோமே என்று நடிகரை அந்தக் கட்டத்துக்குள் அடைக்கத் தோன்றும். இரண்டாவது படத்தில் நான் அதைச் செய்தேன், நடிப்பு விறைத்துப்போனது திரையில் தெரிகிறது. அதிலிருந்து நடிகர்களிடம் கட்டங்களைக் காட்டுவதில்லை. கேமராமேனுக்கும் உதவி இயக்குநருக்கும் மட்டும்தான்.

மூன்றாவது படத்தில் ஒரு காட்சியில், உட்கார்ந்து பேச வேண்டிய நடிகை ஒத்திகையில் எழுந்து ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வரியைச் சொன்னார். நான் யோசித்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அந்தக் காட்சிக்குப் போட்ட ஐந்து கட்டத்தையும் அப்படியே அடித்துவிட்டேன். ஆனால் மேல்பார்வைப் படம் கையில் இருந்ததால் வட்டத்தை ஜன்னலுக்கு நகர்த்தி, கோட்டை மறுபடி இழுத்து, கேமரா எங்கே போக வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் கேமராமேனோடு பேசி முடித்தேன். கடைசி நாள் மழை வந்து மூன்று மணி நேரம் போனது. ஒன்பது ஷாட் பாக்கி, நான்கு எடுக்கத்தான் வெளிச்சம் இருந்தது. இதே நிலைமையில்தான் முதல் படத்தில் சாவியை விட்டேன். இந்த முறை, எது இல்லாமல் கதை புரியாதோ அந்தக் கட்டங்களுக்கு முன்கூட்டியே நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். நட்சத்திரம் போட்ட மூன்றையும் முதலில் எடுத்தோம், நான்காவதாக ஒரு வைடு எடுத்தோம். மீதி ஐந்தை விட்டோம். எடிட்டிங்கில் அந்த ஐந்தை யாரும் தேடவில்லை. என்னைக் கேட்டால் ஸ்டோரிபோர்டின் உண்மையான பயன் இதுதான். திட்டமிட்டபடி எல்லாம் நடக்கும் நாளில் அது அவ்வளவாக வேலை செய்யாது. நேரம் பறிபோகும் நாளில், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று அமைதியாக உட்கார்ந்து எடுத்த முடிவு அந்தத் தாளில் இருக்கும். ஆறு பேர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது.

நாளை காலை ஷூட்டிங், இன்று ராத்திரி மட்டும்தான் இருக்கிறது என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். முழுப் படத்துக்கும் முயற்சி செய்யாதீர்கள். எந்தக் காட்சி சொதப்பினால் படமே புரியாமல் போகுமோ அதை ஒன்றை மட்டும் எடுங்கள். அறையை மேலேயிருந்து போடுங்கள், கோட்டை இழுங்கள், கேமராக்களை ஒரே பக்கம் வையுங்கள். அந்தக் காட்சியில் பார்ப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய பொருள் எது, செய்கை எது என்று யோசித்து அதற்குத் தனியாக ஒரு இன்செர்ட் கட்டம் போட்டு நட்சத்திரம் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. தாளாகவே கையில் கொண்டுபோங்கள், போனில் வைத்தால் யாராவது அழைத்துக்கொண்டே இருப்பார்கள். எடுத்து முடித்த ஒவ்வொரு கட்டத்தையும் பேனாவால் குறுக்கே அடியுங்கள். நட்சத்திரம் போட்ட கட்டம் ஒன்று அடிபடாமல் இருக்கும்வரை அந்த இடத்திலிருந்து ட்ரைபாடை மடிக்க விடாதீர்கள்.